கோப்பை வாங்கும் முன் குழியை அளந்துவிடுங்கள்

அம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோது, கீழ்வீட்டு இந்தியன் கழிப்பறையை வெஸ்டர்னாக மாற்றிவிடுவது என்று முடிவானது. அதோடு மாடியிலிருந்த பழைய வெஸ்டர்னையும் மாற்றிவிடலாம் என்று, தள்ளுபடி போட்டிருந்த ஒரு கடையில் ஒரே மாதிரி இரண்டு கிளாசட் (வெஸ்டர்ன் கோப்பை) வாங்கி, குட்டியானையில் ஏற்றி வந்து தாழ்வாரத்தில் இறக்கினேன். மறுநாள் வந்த பிளம்பர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. மேலே ஒட்டியிருந்த தாளைப் படித்தார். மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். கீழே வந்து கொல்லைப்புறம் போய் சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டுமே எஸ் டிராப் சார். உங்க வீட்டுக்கு ரெண்டு இடத்துலயும் பி தான் உக்காரும்" என்றார்.

இரண்டும் திரும்பிப் போயின. வண்டி வாடகை போக வர என் தலையில். கோப்பையின் நிறம், மூடி மெதுவாக இறங்குமா, தொட்டியில் எத்தனை லிட்டர் என்றெல்லாம் கேட்டு வாங்கிய நான், கழிவு எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் குழியும் குழாயும்தான் எந்தக் கோப்பை, எந்த பெண்டு (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு), எந்த டிராப் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் வளைவு) என்று தீர்மானிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டி கடையில் தொடங்கவில்லை, கொல்லைப்புறத்தில் தொடங்குகிறது.

முதலில் சேம்பரைத் திறங்கள்

கழிப்பறையிலிருந்து வரும் குழாய் வீட்டுக்கு வெளியே முதலில் விழும் தொட்டிதான் சேம்பர். அதன் மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். குனிந்து தலையை உள்ளே விட வேண்டாம், தீக்குச்சி கிழித்துப் பார்க்கவும் வேண்டாம். செப்டிக் டேங்க் என்றால் இன்னும் கவனம். உள்ளே சேரும் வாயு ஆளை நொடியில் சாய்த்துவிடும். எவரையும் அதற்குள் இறக்கக் கூடாது, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சுத்தம் செய்ய இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

சேம்பரில் பார்க்க வேண்டியவை மூன்று. வரும் குழாய் என்ன குழாய்: பி.வி.சி.யா, வார்ப்பு இரும்பா, சுட்டமண் குழாயா? குளியல் தண்ணீரும் இதற்குள்தான் வருகிறதா, இல்லை தனியாக வாழைமரத்துக்கோ தெருச் சாக்கடைக்கோ போகிறதா? மூன்றாவதுதான் முக்கியம். குழாயின் அடிமட்டம் உங்கள் கழிப்பறைத் தரையைவிட எவ்வளவு கீழே இருக்கிறது?

இதை அளக்க கொத்தனாரின் லெவல் டியூப் போதும். தண்ணீர் நிரப்பிய அந்தப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் கழிப்பறைத் தரையிலும் மறுமுனையை சேம்பர் ஓரத்திலும் பிடித்தால் இரண்டின் மட்டமும் தெரிந்துவிடும். நாலு இஞ்ச் குழாய்க்கு அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் (சரிவு) வேண்டும் என்பது பிளம்பர்கள் கணக்கு. அதாவது 1 மீட்டருக்கு 2 செ.மீ. சேம்பர் 4 மீட்டர் தூரத்தில் இருந்தால் 8 செ.மீ. இறக்கம். இதுபோக, எஸ் டிராப் கிளாசட் என்றால் அதற்கு அடியில் பெண்டு திரும்பவே ஏறக்குறைய 20 செ.மீ. ஆழம் போய்விடும். இரண்டையும் கூட்டி, அந்த ஆழம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் இல்லை. பழைய இந்தியன் கோப்பை ஒரு படி உயரமான மேடையில் இருந்ததற்குக் காரணமே அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. வெளிக்குழாய் மேலாகப் போனதால், அந்தக் காலத்துக் கொத்தனார் கோப்பையை உயர்த்தி வாட்டத்தைச் சம்பாதித்திருக்கிறார். அம்மாவுக்காக மேடையை உடைத்தால் வாட்டம் போய்விடும். மேடையை வைத்துக்கொண்டால் வெஸ்டர்ன் வைத்தும் அவர் படியேற வேண்டும். பி டிராப் இந்தச் சிக்கலை அவிழ்த்தது.

எஸ்ஸா, பியா, எத்தனை இஞ்ச்

எஸ் டிராப் கிளாசட்டின் வாய் நேராகத் தரையைப் பார்த்து இறங்கும். பி டிராப்பின் வாய் பின்சுவரைப் பார்த்து நீண்டிருக்கும். பி என்றால் குழாய் தரைக்கு மேலேயே சுவரைத் துளைத்து வெளியே போய்விடும், தரையை ஆழமாகத் தோண்ட வேண்டாம். பின்சுவர் வெளிச்சுவராக இருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் டக்ட் (குழாய்கள் இறங்குவதற்கென்று விட்ட சந்து) இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டில் எது என்று தெரியாமல் வாங்குகிற நிலைமை வந்தால் பி வாங்குங்கள். பி கிளாசட்டின் வாயில் ஒரு பெண்டு கனெக்டர் மாட்டித் தரைக்கு இறக்கிவிடலாம். எஸ் கிளாசட்டைச் சுவருக்குத் திருப்ப வழியே கிடையாது.

எஸ் என்றால் அடுத்து கடைக்காரர் கேட்பது, எத்தனை இஞ்ச்? பின்சுவருக்கும் தரையிலுள்ள துளையின் நடுப்புள்ளிக்கும் இடையிலான தூரம் அது. கடைகளில் பெரும்பாலும் 4, 9, 12 இஞ்ச் என மூன்று அளவுகள் கிடைக்கும். மில்லிமீட்டரில் சொன்னால் 100 முதல் 110, 220 முதல் 230, 300. துளை ஒன்பதில் இருக்க, பன்னிரண்டு இஞ்ச் கிளாசட் வாங்கினால் தொட்டி சுவரில் இடித்துக்கொண்டு உட்காரவே உட்காராது. மாறாக வாங்கினால் உட்காரும், ஆனால் பின்னால் மூன்று இஞ்ச் சந்து விழும். பல்லிகளுக்கு வசதி.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து எடுக்க வேண்டியது. பழைய டைல்ஸைக் கொத்தி எடுத்த பிறகு செங்கல்லிலிருந்து டேப்பை நீட்டினால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து பிறகு 3 செ.மீ.க்குக் குறையாமல் தின்றுவிடும். பி டிராப்பில் இதே கதை உயரத்தில் நடக்கும். பெரும்பாலான மாடல்களில் வாயின் நடுப்புள்ளி முடிந்த தரையிலிருந்து 180 மி.மீ. உயரத்தில் இருக்கும். கொத்துக்கூலிக்குப் பயந்து பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தரை 2 செ.மீ. ஏறும், சுவரிலுள்ள குழாய் ஏறாது. கிளாசட்டின் வாய் ஒரு மட்டத்திலும் குழாயின் வாய் இன்னொரு மட்டத்திலும் நிற்கும்.

இப்படி ஒன்றிரண்டு செ.மீ. பிசகினால் ஆஃப்செட் பான் கனெக்டர் என்று ஒரு ரப்பர் வாய் கிடைக்கிறது. ஒருபக்கம் கோணலாக இருக்கும், திருப்பித் திருப்பி வைத்து மட்டத்தைச் சேர்க்கலாம். வேறு வழியில்லாதபோது அதை வாங்குங்கள். துருத்தி மாதிரி நீண்டு சுருங்கும் நெளிவுக் கனெக்டரை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மடிப்பிலும் அழுக்கு தங்கும், மெல்லிய சுவர் வேறு. பிசகே இல்லாவிட்டாலும் நேர் கனெக்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். பீங்கான் வாயை 110 மி.மீ. குழாய்க்குள் நுழைத்துச் சுற்றிலும் சிமென்ட் அப்பினால் அது கசியாமல் நிற்காது.

பழைய டிராப்பைத் தரையிலேயே விட்டுவிடாதீர்கள்

இந்தியனை வெஸ்டர்னாக்கும்போது நடக்கும் தவறுகளில் இதுதான் பெரிது. இந்தியன் கோப்பைக்கு டிராப் தனி. கோப்பைக்கு அடியில் தரைக்குள் புதைந்திருக்கும். வெஸ்டர்ன் கிளாசட்டுக்கோ டிராப் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. தோண்டும் வேலையை மிச்சம் பிடிக்க, பழைய டிராப்பை அப்படியே விட்டு அதன் தலையில் புதுக் கிளாசட்டை உட்கார வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஒரே வழியில் இரண்டு டிராப். நடுவில் அடைபட்ட காற்று போக இடமில்லாமல் தண்ணீரைத் தடுக்கும், ஃபிளஷ் செய்தால் கோப்பையில் தண்ணீர் மேலேறி யோசித்து யோசித்து இறங்கும். பத்து நாளைக்கு ஒருமுறை அடைப்பு. கிளாசட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

டிராப் என்பது வேறொன்றுமில்லை, குழாயில் ஒரு வளைவு. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கும். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற கழிப்பறையிலேயே இந்த வளைவு இருந்தது. இன்றுவரை இதைவிட நல்ல யோசனை யாருக்கும் வரவில்லை. ஒரு வழிக்கு ஒரு டிராப் போதும். ஆகவே உளியும் சுத்தியலும் எடுத்து, பழைய டிராப்பைத் தேடி உடைத்து எடுத்துவிட்டுத்தான் புதுக் குழாய்.

கடையில் குழாயின் மேல் எழுத்தைப் படியுங்கள்

கழிவுக்கென்று விற்கும் சாம்பல் நிறக் குழாயை எஸ்.டபிள்யூ.ஆர். என்பார்கள். அதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13592. அதில் டைப் ஏ (A), டைப் பி (B) என இரண்டு உண்டு; இந்த பி வேறு, பி டிராப்பின் பி (P) வேறு. டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும். கழிப்பறைக்கு டைப் பி. 110 மி.மீ. குழாயில் டைப் ஏ சுவரின் தடிமன் குறைந்தது 2.2 மி.மீ., டைப் பி 3.2. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், விலைதான் வேறு. ஒப்பந்தம் பேசி வேலை எடுத்தவர் சாமானும் வாங்கி வருகிறார் என்றால், குழாயில் அச்சடித்திருப்பதை நீங்களே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பெண்டு, டீ (கிளை சேர்க்கும் T வடிவத் துண்டு) போன்ற சாமான்களுக்கு ஐ.எஸ். 14735 என்ற முத்திரை. வெளியே மண்ணுக்குள் புதையும் நீளத்துக்கு ஐ.எஸ். 15328 முத்திரையுள்ள, செங்கல் நிறத்தில் வரும் குழாய் தனி.

அளவை மில்லிமீட்டரில் சொல்லுங்கள். 110 என்றால் நாலு இஞ்ச், அதில் சண்டையில்லை. 75ஐ ஒருவர் ரெண்டரை என்பார், இன்னொருவர் மூணு என்பார். மூணு இஞ்ச் டீ என்று கேட்டு 90 வாங்கி வந்தால் அந்த டீ உங்கள் 75இல் ஏறாது. கிளாசட்டின் குழாய் 110க்குக் குறையக் கூடாது. தரைத் தண்ணீருக்கு 75, வாஷ்பேசினுக்கு 40 அல்லது 50.

அடுத்து ரிங்கா, பேஸ்டா? ரிங் வகையில் சாக்கெட்டுக்குள் (குழாயின் அகன்ற வாய்க்குள்) ஒரு ரப்பர் வளையம், குழாயைச் செருகினால் போதும். பேஸ்ட் வகையை சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும். வெளிச்சுவரில் வெயிலில் நிற்கும் செங்குத்துக் குழாய்க்கு நான் ரிங்கைத்தான் சொல்வேன். 3 மீட்டர் பி.வி.சி. குழாய் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 6 மி.மீ. நீளும். நீள இடம் வேண்டும். அதனால்தான் ரிங் சாக்கெட்டில் குழாயை முழுக்க உள்ளே தள்ளி, கோடு போட்டுக்கொண்டு, 10 மி.மீ. வெளியே இழுத்துவிடச் சொல்கிறார்கள். தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் புதைவதற்கு பேஸ்ட். ரிங் சாமானிலிருந்து ரப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு பேஸ்ட் தடவி ஒட்டுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. ரப்பர் இருந்த பள்ளம் உள்ளே வெறுமையாக இருக்கும், சொல்யூஷன் அதை நிரப்பாது. அந்த இணைப்பு ஒருநாள் கசியும்.

குழாயை அறுத்ததும் முனையின் பிசிறை அரத்தால் சாய்வாகத் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் செருகும்போது ரப்பரை மடக்கிவிடும். சாக்கெட் வாய் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

வளைவுகளில் கஞ்சத்தனம் வேண்டாம்

கழிவுக்குழாய் பெண்டு பெரும்பாலும் சரியான மூலைமட்டத்தில் இருக்காது, 87.5 டிகிரி இருக்கும். குறையும் அந்த இரண்டரை டிகிரி, வாட்டத்துக்காக விட்டது. இது தெரியாமல் தரையில் மட்டமாகப் போகும் குழாயை வலுக்கட்டாயமாக நிமிர்த்திப் பிடித்து ஒட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாடியிலிருந்து செங்குத்தாக இறங்கி வரும் குழாய் அடியில் திரும்பும் இடத்தில் ஒரே பெண்டு வைக்காதீர்கள். இரண்டு 45 டிகிரி பெண்டு வைத்தால் திருப்பம் அகலமாகும், மேலிருந்து வருவது மோதி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். படுக்கைக் குழாயில் இன்னொரு கிளை சேர வேண்டும் என்றால் டீ வேண்டாம், ஒய் (கிளை சாய்வாகச் சேரும் Y வடிவத் துண்டு) போடுங்கள். டீயில் வரும் கழிவு எதிர்ச்சுவரில் மோதி இரண்டு பக்கமும் சிதறும். செங்குத்துக் குழாயில் மாடிக் கிளாசட் சேரும் இடத்தில் மட்டும் வளைவான டீ போடலாம்.

அப்புறம் கதவு. டோர் பெண்டு, டோர் டீ என்று கேட்டால் பக்கவாட்டில் திருகு மூடி வைத்தது கொடுப்பார்கள். சாதாரண பெண்டைவிடக் கொஞ்சம் விலை கூட. அடைப்பு வந்தால் மூடியைக் கழற்றிக் கம்பி விடலாம். ஆனால் கதவு கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டோர் பெண்டை வாங்கி, கதவைத் தரைப்பக்கம் பார்க்க வைத்து, மேலே கான்கிரீட் போட்டு மூடிய வீட்டில் நான் வாடகைக்கு இருந்திருக்கிறேன்.

தரைத் தண்ணீர்

குளியலறைத் தரைத் தண்ணீர் இறங்கும் நானி டிராப்பில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. உள்ளே தேங்கும் தண்ணீரின் ஆழம் 50 மி.மீ. இருக்கிறதா? கவிழ்த்த கிண்ணம் வைத்த மலிவுச் சாமானில் அது இருக்காது. முடி எடுக்கக் கிண்ணத்தைக் கழற்றிய யாரோ திரும்ப வைக்காமல் போனால், அன்றிலிருந்து கரப்பான்பூச்சிக்கு ராஜபாட்டை. தரைக்குள் ஆழம் குறைவு என்றால், வாஷ்பேசின், குளியல் இரண்டையும் பக்கவாயில் வாங்கிக்கொள்ளும் மல்டி டிராப் ஒன்று போடலாம். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையாக இருந்தால் வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கிய தண்ணீர் வற்றிவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த டிராப்பும் வெறும் ஓட்டைதான்.

குளியல் தண்ணீர் தோட்டத்துக்குப் போகிற வீட்டில் 75ஐ 110உடன் சேர்த்துவிட வேண்டாம். பிளம்பருக்கு அது சுலபம். உங்கள் செப்டிக் டேங்க்தான் சீக்கிரம் நிரம்பும், வாழையும் காயும்.

காற்றுக்குழாயை அடைக்காதீர்கள்

மொட்டைமாடிக்கு மேலே நீண்டு, தலையில் கவுல் என்ற தொப்பி போட்டு நிற்கும் குழாய் வெறும் அலங்காரமில்லை. ஃபிளஷ் செய்யும்போது குழாய்க்குள் காற்று போக அது வேண்டும். காக்கை கூடு கட்டுகிறது என்று அதை மூடிவிட்டால், இறங்கும் தண்ணீர் பக்கத்து டிராப்பின் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கிளாசட்டை ஃபிளஷ் செய்ததும் நானி டிராப் களக் களக்கென்று பேசுகிறதா? மேலே ஏறிப் பாருங்கள். கொசுவுக்கு நைலான் வலை கட்டலாம், மூடி போடக் கூடாது.

பழசும் புதுசும் சேரும் இடம்

பழைய வீடுகளில் கசிவு வருவது பெரும்பாலும் இங்கேதான். வார்ப்பு இரும்பின் வெளிவிட்டமும் பி.வி.சி.யின் வெளிவிட்டமும் துல்லியமாகப் பொருந்தாது. இரண்டுபக்கமும் எஃகு கிளாம்ப் வைத்த ரப்பர் கப்ளிங் வாங்குங்கள். பழைய முனையின் சுற்றளவை ஒரு நூலால் எடுத்துக் கடைக்குக் கொண்டு போனால் சரியான அளவு கிடைக்கும். பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கிரைண்டர் போட்டு அறுக்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சேம்பர் சுவரில் பி.வி.சி. நுழையும் இடத்தில் ஒரு சின்ன வித்தை. வழவழப்பான பி.வி.சி.யை சிமென்ட் பிடிக்காது. எங்கள் பிளம்பர் குழாயின் அந்த ஒரு சாண் நீளத்துக்கு சொல்யூஷன் தடவி, ஈரம் காயும் முன் மணலைத் தூவிக் காயவிட்டார். உப்புத்தாள் மாதிரி ஆனது. அதன் மேல் போட்ட சாந்து இன்றுவரை விடவில்லை.

மூடுவதற்கு முன்

கடைசியில் என் சாமான் சீட்டில் இருந்தவை இவ்வளவுதான்: டைப் பி 110 குழாய் மூன்று, 75 ஒன்று, 45 டிகிரி பெண்டு நான்கு, டோர் பெண்டு ஒன்று, டோர் டீ ஒன்று, நேர் பான் கனெக்டர் இரண்டு, நானி டிராப் இரண்டு, கவுல் ஒன்று, ரப்பர் கப்ளிங் ஒன்று, கிளாம்ப் ஒரு டஜன், சொல்யூஷன் டப்பா. ஒன்றிரண்டு பெண்டு கூடுதலாக வாங்கி, மிஞ்சினால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடையில் பேசிவிடுங்கள்.

குழாய் போட்டதும் சாந்து குழைக்க விடாதீர்கள். கீழ் முனையை டெஸ்ட் பிளக்கால் அடைத்து, மேல்வாய் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, இராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ ஒரு இணைப்பு ஒழுகுகிறது. டைல்ஸ் போட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட அன்றைக்கே பிரிப்பது மலிவு. எல்லாம் சரி என்றால் டேப்பைக் குழாய்மேல் நீட்டி வைத்து நாலைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது டிரில் போட வருவார்கள்.

கிளாசட்டை உட்கார வைக்கும்போது கொத்தனாருக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. அடியில் வெள்ளை சிமென்ட் கொட்டி உட்கார வைப்பதுதான் அவர் பழக்கம். பிறகு கழற்ற வேண்டிவந்தால் பீங்கானை உடைத்துத்தான் எடுக்க முடியும். திருகாணி போட்டு இறுக்கி, ஓரத்தில் சிலிக்கான் இழுக்கச் சொன்னேன். பின்பக்கம் நான்கு விரற்கடை மட்டும் சிலிக்கான் இல்லாமல் விடச் சொன்னதும் அவருக்குக் கோபம், வேலை அரைகுறையாகத் தெரியுமாம். அடியில் கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும், முழுக்க மூடிவிட்டால் தரைக்குள்ளேயே ஊறும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். மூன்றாம் நாள் மாடிக் கிளாசட்டின் பின்னால் அந்த நான்கு விரற்கடை வழியாக ஒரு சொட்டு ஈரம் எட்டிப் பார்த்தது. கனெக்டரின் ரப்பர் ஒருபக்கம் மடங்கியிருந்தது. இரண்டு திருகாணி கழற்றி, அரைமணி நேரத்தில் சரிசெய்தோம்.